ஆளில்லா வளவும் அயல்வீட்டுக் காய்ச்சலும்

யாழ்ப்பாணத்தில் மாரிமழையோடு டெங்கும் வந்துவிடுகிறது. மழை ஓய்ந்த பிறகும், ஜனவரி வரை காய்ச்சல் தொடர்வதைக் காண்கிறோம். உடனே பலரும் மரங்களையும் பற்றைகளையும் குறை சொல்கிறார்கள். ஆனால் நுளம்பு பெருகுவது இலையில் அல்ல, தேங்கிய நீரில்.

போரால் இடம்பெயர்ந்தோர், வெளிநாடு சென்றோரின் வளவுகள் பல இன்றும் ஆளில்லாமல் கிடக்கின்றன. வேலிக்குள் பற்றை மறைக்க, உள்ளே மூடப்படாத கிணறு, உடைந்த தொட்டி, சிரட்டை, பிளாஸ்டிக் போத்தல். டெங்கைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் அல்லது பத்து நாள் போதும். அதன் முட்டைகள் நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். உவர்நீரிலும் அது வளரும் என்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குடாநாட்டிலேயே கண்டறிந்துள்ளனர். ஆகவே கரையோரக் குடியிருப்புகளுக்கும் விலக்கில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. அதே ஆண்டு இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. நகரத்துக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகும் மலேரியா நுளம்பு இது. ஆபிரிக்காவின் ஜிபூட்டியில் 2012இல் இது கண்டறியப்பட்டபோது அங்கு மலேரியா நோயாளர் 27 பேர் மட்டுமே. 2020இல் அந்த எண்ணிக்கை 73,000ஐத் தாண்டியது.

இதன் சுமை ஏழைகள் மீதே அதிகம் விழுகிறது. நெருக்கமான குடியிருப்பில், குழாய்நீர் இல்லாததால் வாளியிலும் பரலிலும் நீரைச் சேமிப்பவர்கள் அவர்கள். நாட்கூலிக்குப் போகிறவர் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் அடுப்பு எரியாது.

மரத்தை வெட்டினால் நிழல்தான் போகும், நுளம்பு போகாது. கிணற்றுக்கு வலை போடலாம். குடம்பிகளைத் தின்னும் மீன்களை விடலாம். தொட்டியை வாரம் ஒருமுறை உரஞ்சிக் கழுவி, சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுறூபன் போன்றவற்றைத் தாமாக எடுக்காமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் காணி உரிமையாளரையும் பொறுப்பாளியாக்குகிறது. ஆனால் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பவருக்கு இங்கே ஒட்டும் அறிவித்தல் தெரியாது. வளவைப் பார்க்க உறவினர் ஒருவரை ஒழுங்கு செய்து, மாரிக்கு முன் கிணற்றை மூடச் சொல்வது அவர் அயலவருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி.