முயல் தீவுக்கு வேன் வேனாக... காணும் பொங்கல் கூட்டத்தால் களைகட்டும் சில்லறை வியாபாரம்!

காணும் பொங்கல் வந்தால் தூத்துக்குடியில் பல தெருக்கள் காலையிலேயே வெறிச்சோடிவிடும். ஆட்கள் எங்கே? முயல் தீவில்!

துறைமுகத்தை ஒட்டி, கலங்கரை விளக்கம் இருக்கும் இடம் இது. பேர்தான் தீவு; படகு வேண்டாம், ரோட்டிலேயே போய்விடலாம். (மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முயல் தீவு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.)

புளியோதரையும் பொரித்த மீனும்

தனியாகப் போகிறவர்கள் குறைவு. தெரு இளைஞர் மன்றம், ரசிகர் மன்றம், ஆபீஸ் கோஷ்டி என்று கூட்டமாகத்தான் புறப்படுகிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று வசூல். வேன் வாடகை, சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம்.

தூக்குச்சட்டியில் புளியோதரை, பொட்டலத்தில் பொரித்த மீன். பெரியவர்கள் நிழல் தேடி உட்கார, பிள்ளைகள் தண்ணீருக்கு ஓட, "ஏலே, ஆழத்துக்குப் போகாதலே!" என்று தாய்மார்கள் கூப்பாடு போடுவார்கள். இன்னொரு பக்கம் கபடி, கயிறு இழுக்கும் போட்டி. தோற்ற கோஷ்டிதான் ஐஸ் வாங்கித் தரவேண்டும்!

இந்த ஒரு நாளை நம்பித்தான் சுண்டல்காரரும், ஐஸ் வண்டிக்காரரும், பலூன்காரரும் கைக்காசைப் போட்டுச் சரக்கு எடுக்கிறார்கள். மழை கொட்டினாலோ, அதிகாரிகள் தடை போட்டாலோ முதலுக்கே மோசம். அவித்த சுண்டல் மறுநாளைக்கு ஆகுமா?

கோல்ப் மைதானத்திலும் இதே கதை

பெரிய மனிதர்கள் ஆடும் கோல்ப் மைதானங்களும் இந்த வித்தையை விட்டுவைக்கவில்லை. வெளிநாடுகளில் வார நாட்களில் காற்று வாங்கும் மைதானத்தை, கம்பெனிகளுக்கும் பொழுதுபோக்காக ஆடும் சங்கங்களுக்கும் மொத்தமாக விடுகிறார்கள். ஆட்டக் கட்டணம், வண்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து தலைக்கு ஒரே ரேட். நம்ம கொடைக்கானலிலும் 1895 முதல் கோல்ப் கிளப் உண்டு. முத்துநகர்க்காரருக்கோ உப்புக்காற்றும் மணலும் போதும்!

மற்ற தீவுகளுக்கு 'நோ'

வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி என்று பக்கத்திலேயே தீவுகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் சேர்ந்தவை. பவளப்பாறைகளைக் காப்பாற்ற, அனுமதியில்லாமல் கால் வைக்கக்கூடாது என்று சட்டம். விலாங்குசல்லி ஏற்கெனவே கடலுக்குள் மூழ்கிவிட்டது. காரைச்சல்லியும் கரைந்துகொண்டிருக்கிறது. தடை நியாயம்தான்.

அதனால் ஊர்க்கூட்டம் முழுக்க முயல் தீவு, துறைமுகக் கடற்கரை, ரோச் பூங்கா என்று மொய்க்கிறது. இருட்டுவதற்குள் போலீசார் விசில் ஊதிக் கிளப்பிவிடுவார்கள். கடைசி வேன் நகரும்போது, மிச்சச் சுண்டல் பாதி விலைக்குக் கிடைக்கும்.