முட்டி வலி மாத்திரையும் அட்ரினல் சுரப்பியும்



2023ஆம் ஆண்டு ஒரு நாள், காலைப் பெரட்டு முடிந்த கையோடு, உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அம்மாவைக் கிளினிக்குக்குத் தூக்கி வந்தார்கள். ஓயாத வாந்தி, மயக்கம். இரத்த அழுத்தம் அடியோடு இறங்கிவிட்டது. முகம் மட்டும் நிலா போல உப்பியிருந்தது. விசாரித்தேன்.

"பாசார் மாலாமில வாங்குன முட்டி வலி மாத்திரைங்க ஐயா. எட்டு மாசமா நல்லாத்தான் கேட்டுச்சு. விக்கிறவன் வரல, நிறுத்திட்டேன்" என்றார்.

உடனே டிரிப் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

மாத்திரையை நிறுத்தியதற்கா இவ்வளவு ஆபத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நம் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல அட்ரினல் சுரப்பி இருக்கிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 கிராம்தான். காய்ச்சல், காயம் வந்தால் உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் கார்டிசால் அங்கேதான் ஊறுகிறது.

தோட்டத்தில் துரை சொல்லி, கிராணி சீட்டு அனுப்பி, மண்டோர் ஆள் இறக்கினால்தானே வேலை நடக்கும்? இங்கேயும் அப்படித்தான். துரை, மூளை. அது சி.ஆர்.எச். என்னும் நரம்புத் தூதை அனுப்பும். 1981இல் வைலி வேல் குழுவினர் கண்டறிந்த தூது இது. கிராணி, பிட்யூட்டரி சுரப்பி. அது இரத்தத்தில் அனுப்பும் சீட்டுதான் ஏ.சி.டி.எச். இந்தச் சீட்டு அட்ரினல் செல்லுக்குள் நுழையாது. வாசற்கதவைத் தட்டுவதோடு சரி. உள்ளே இருக்கும் மண்டோர், சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற பொருள். அது வேலையை முடுக்கிவிட, கொலஸ்ட்ராலிலிருந்து கார்டிசால் தயாராகிறது.

வெளியிலிருந்து தினமும் ஸ்டீராய்டு வந்தால், "சரக்கு போதும்" என்று மூளை தூதை நிறுத்திவிடும். கதவைத் தட்ட ஆளில்லாமல் சுரப்பி சுருங்கிப்போகும். அப்புறம் மாத்திரையைத் திடீரென விட்டால், வெளியிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. உயிரே போகலாம். சுரப்பி மறுபடி விழிக்க மாதக்கணக்கில் ஆகலாம்.

ஆகவே, இவற்றை மறவாதீர்கள்:

1. 'மால்' பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுச்சீட்டும் இல்லாத ஜாமு, மாத்திரை எதையும் வாங்காதீர்கள்.

2. இப்போதே சாப்பிட்டு வருகிறவர்கள் பயந்து நிறுத்த வேண்டாம். மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

3. ஆஸ்துமா போன்ற நோய்க்கு டாக்டரே கொடுத்த பிரட்னிசோலோனையும் நீங்களாக நிறுத்தக்கூடாது.

திட்டுவேன் என்று மறைக்காதீர்கள். வலி உங்களுடையது, அதை வைத்துக் காசு பார்ப்பவன்மேல்தான் என் கோபம்.