பள்ளியில் கூடும் ‘மக்களவை’: மாணவர்களுக்கு அரசமைப்பு வரலாற்றைக் கற்பிக்கும் இளைஞர் நாடாளுமன்றப் போட்டி

புதுதில்லி: பள்ளி அரங்கின் நடுவே அவைத்தலைவர் இருக்கை. அதன் வலப்புறம் ஆளுங்கட்சி, இடப்புறம் எதிர்க்கட்சி. ‘அமைச்சர்’ பதிலளித்து முடித்ததும் எதிர்வரிசையிலிருந்து துணைக் கேள்வி எழுகிறது. நாடாளுமன்ற விவகார அமைச்சகம் நடத்தும் இளைஞர் நாடாளுமன்றப் போட்டியில் காணப்படும் காட்சி இது.

1966-67இல் தில்லி பள்ளிகளில் தொடங்கப்பட்ட இத்திட்டம், பின்னர் கேந்திரிய வித்யாலயா, ஜவாஹர் நவோதயா வித்யாலயா பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்கள், கல்லூரிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பிற கல்வி நிறுவனங்களும் பங்கேற்க வசதியாக, அரசமைப்பு தினமான நவம்பர் 26ஆம் தேதி, 2019இல் தேசிய இளைஞர் நாடாளுமன்றத் திட்டத்துக்கான இணையதளம் தொடங்கப்பட்டது. இதில் பள்ளி மாணவர்களுக்கான அமர்வு ‘கிஷோர் சபா’ எனப்படுகிறது.

போட்டி எவ்வாறு நடைபெறுகிறது?

உறுப்பினர்களின் உறுதிமொழி ஏற்பு, இரங்கல் குறிப்பு, கேள்வி நேரம், அவையில் ஆவணங்களை வைத்தல், மசோதா மீதான விவாதம் என நாடாளுமன்ற அலுவல்கள் சுருக்கமாக நடத்திக் காட்டப்படுகின்றன. அவை ஒழுக்கம், நடைமுறை அறிவு, கேள்விகளின் தேர்வு, பதில்களின் தரம், விவாதத் திறன் ஆகியவற்றை நடுவர்கள் மதிப்பிடுகின்றனர்.

ஒவ்வோர் அலுவலுக்கும் பின்னணியில் ஓர் அரசமைப்புப் பிரிவு உண்டு. உறுதிமொழி ஏற்பு 99ஆவது பிரிவின்படி நடைபெறுகிறது. அவை கூடுவதற்குக் குறைந்தபட்சம் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் தேவை என்பதும், வாக்குகள் சமமாக இருந்தால் மட்டுமே அவைத்தலைவர் வாக்களிக்கலாம் என்பதும் 100ஆவது பிரிவில் உள்ளன. மனப்பாடம் செய்து மறந்துவிடக்கூடிய இந்த விதிகள், அவைத்தலைவராக அமரும் மாணவருக்கு உடனடித் தேவையாகிவிடுகின்றன.

கேள்வி நேரத்தின் வரலாறு

கேள்வி கேட்கும் உரிமை இந்தியர்களுக்கு ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. 1892ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டமே சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்க அனுமதி அளித்தது. ஆனால், துணைக் கேள்வி கேட்க இயலாது. அதிகாரி அளிக்கும் பதில் எத்தகையதாயினும் விஷயம் அத்துடன் முடிந்துவிடும். 1909 சீர்திருத்தத்தில், கேள்வி கேட்ட உறுப்பினருக்கு மட்டும் துணைக் கேள்வி உரிமை கிடைத்தது. 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகே அந்த உரிமை அனைத்து உறுப்பினர்களுக்கும் விரிந்தது.

தற்போது மக்களவையில் வாய்மொழிப் பதிலுக்கென நாளொன்றுக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் பட்டியலிடப்படுகின்றன. இவற்றின் மீது துணைக் கேள்விகள் எழுப்ப முடியும். எழுத்துப்பூர்வ பதிலுக்கான நட்சத்திரக் குறியற்ற கேள்விகளில் அந்த வாய்ப்பு இல்லை. கொரோனா பரவலின்போது 2020 செப்டம்பரில் நடைபெற்ற மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் இடம்பெறவில்லை. எழுத்துப்பூர்வ பதில்கள் வழங்கப்பட்டபோதிலும், அம்முடிவை எதிர்க்கட்சிகள் கடுமையாக எதிர்த்ததற்கான காரணம் இந்த வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

அம்பேத்கர் அளித்த விளக்கம்

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4ஆம் தேதி வரைவு அரசமைப்பை முன்வைத்துப் பேசிய வரைவுக் குழுத் தலைவர் பி.ஆர். அம்பேத்கர், அமெரிக்காவைப் போன்ற அதிபர் முறையை விடுத்து நாடாளுமன்ற முறை தேர்ந்தெடுக்கப்பட்டதற்கான காரணத்தை விளக்கினார். அரசுக்கு நிலைத்தன்மை, பொறுப்புடைமை ஆகிய இரண்டும் சம அளவில் ஒருங்கே கிடைப்பது அரிது என்றும், வரைவு அரசமைப்பு பொறுப்புடைமைக்கே முன்னுரிமை அளித்துள்ளது என்றும் அவர் தெரிவித்தார். நாடாளுமன்ற முறையில் தேர்தலின்போது மக்கள் மட்டுமன்றி, கேள்விகள், தீர்மானங்கள், விவாதங்கள் வாயிலாக உறுப்பினர்களும் அன்றாடம் அரசை மதிப்பிடுகின்றனர் என்பது அவரது வாதம். அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று 75ஆவது பிரிவு கூறுவதும் இதன் அடிப்படையிலேயே.

அந்த அவையே விவாதத்துக்குச் சிறந்த சான்றாகும். 2 ஆண்டுகள், 11 மாதங்கள், 18 நாள்கள் நீடித்த பணியில், வரைவின் மீது முன்மொழியப்பட்டு விவாதிக்கப்பட்ட திருத்தங்கள் மட்டும் 2,473.

எது உண்மையான பயன்?

இப்போட்டியின் பயன், அது நடத்தப்படும் விதத்தைப் பொறுத்தது. கேள்வியையும் பதிலையும் முன்கூட்டியே எழுதி, மாணவர்களை ஒப்பிக்க வைத்தால் அது வெறும் நாடகமாக முடிந்துவிடும். எதிர்பாராத துணைக் கேள்விக்கு இடமிருந்தால்தான், ‘அமைச்சராக’ நிற்கும் மாணவர் தனது துறை குறித்துப் படித்து வர வேண்டிய கட்டாயம் ஏற்படும். எதிர்க்கட்சி வரிசையில் இருப்பவரும் கூச்சலிடுவதை விட, விவரத்துடன் கேட்பதே வலிமையானது என்பதை உணர்வார்.

வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது 61ஆவது அரசமைப்புத் திருத்தம். எனவே, இப்போட்டியில் பங்கேற்கும் 12ஆம் வகுப்பு மாணவர் ஓரிரு ஆண்டுகளுக்குள் வாக்காளராகிறார். தாம் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி அவையில் என்ன கேட்க வேண்டும், அரசு எதற்குப் பதிலளிக்கக் கடமைப்பட்டுள்ளது என்பதை அறிந்தபின் அவர் வாக்குச்சாவடிக்குச் செல்ல இப்போட்டி உதவுகிறது.