வானத்தில் விழுந்த வரிகள்

ஓய்வு பெற்ற எம் தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களின் படத்தைப் பள்ளி மண்டபத்தில் மாட்ட விரும்பி, பெரிதாக அச்சிடக் கொடுத்தோம். கண்மாய்க் கரையில் அந்தி நேரத்தில் மாணவி ஒருத்தி வீட்டுக் கைபேசியில் எடுத்த படம் அது. அவர்கள் வாய்விட்டுச் சிரிக்கும் படம் எம்மிடம் வேறு இல்லை. அச்சாகி வந்ததைப் பிரித்தோம். முகம் நன்றாயிருந்தது, வானமோ பட்டை பட்டையாகப் பிரிந்து கிடந்தது. "வானத்துக்கு யார் கோடு போட்டது?" என்று ஆறாம் வகுப்புச் சிறுமி கேட்டே விட்டாள். அச்சகத்தார் மீது குறைபட்டுக் கொண்டோம். பிழை பெரும்பாலும் எம்முடையதே என்பது பிறகுதான் விளங்கிற்று.

சாதாரண ஜேபெக் படம் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் 256 படிகளாகவே பிரித்து வைக்கிறது. முகத்துக்கும் சேலைக்கும் அது தாராளம். நம் கரிசல் காட்டு வானம் அப்படியன்று. மேகமோ மரமோ குறுக்கிடாமல், நீலம் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே போகும். அந்த மாற்றம் முழுதும் 30 படிகளுக்குள் அடங்கிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். அதை 60 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பெரிதாக்கினால் ஒவ்வொரு படியும் 2 சென்டிமீட்டர் பட்டையாகிவிடும்! நாங்களோ வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி அதைச் சுருக்கினோம். போதாதென்று நிறத்தையும் கூட்டினோம். படிகள் இன்னும் விலகின.

இதற்கு மருந்து புள்ளிதான். பழைய கல் அச்சு ஓவியர்கள் கல்லின் மேல் கையால் புள்ளி வைத்தே நிறத்தை மெல்ல மாற்றினார்கள். நம் மாவட்டத்துச் சிவகாசியில் அச்சாகும் காலண்டரைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள், அங்கும் புள்ளிகளே. கணினியில் வானத்தின் மேல் 'நாய்ஸ்' என்னும் மணல் போன்ற புள்ளிகளைச் சிறிதளவு தூவினால் படிகளின் விளிம்பு கலைந்து போகும். தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் புள்ளி தெரியாது.

ஆகவே மூலப் படத்தையே 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லி வாங்கினோம். நிறம் திருத்துமுன் 16 பிட்டுக்கு மாற்றினோம். அதில் ஒரு நிறத்துக்கு 65,536 படிகள் உண்டு. இழந்த நிறம் இதனால் திரும்பி வராது. திருத்தும்போது மேலும் இழக்காமல் காக்கும், அவ்வளவே. பிறகு புள்ளி தூவி, வானத்தில் ஒரு துண்டை மட்டும் அதே தாளில் அச்சிட்டுப் பார்த்தோம். முழுப் படத்தையும் அச்சிட்டுவிட்டு வருந்துவதைவிட இது செலவு குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்க்ஜெட் அச்சில் முகம், சேலை எல்லாவற்றின் மீதும் ஒரே சீராகக் கோடு ஓடினால் அது படத்தின் குற்றமன்று. மை வரும் நுண்துளை அடைபட்டிருக்கும். அதைச் சுத்தம் செய்தால் போதும்.

புதிய படம் மண்டபத்தில் மாட்டப்பட்டுள்ளது. பழைய படத்தின் வானத்தை மட்டும் வெட்டி அறிவியல் அறையில் ஒட்டி வைத்திருக்கிறோம். பெற்றோர் தினத்தன்று வருவோர் இரண்டையும் பார்த்துச் செல்லலாம்.