தாயக்கட்டையும் கதை விளையாட்டும்

புனே நகரில் பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் என்னும் பெயர்பெற்ற அறிவுக்கூடம் ஒன்று உண்டு. 1917-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அந்நிலையத்தில், 1919 முதல் 1966 வரை அறிஞர் பலர் அமர்ந்து, வடமொழி மகாபாரதத்தை ஆராய்ந்து செம்பதிப்பாக வெளியிட்டனர். அப்பணிக்கென ஒப்புநோக்கப்பட்ட சுவடிகள் 1,259 ஆகும். தென்னாட்டுக் கிரந்த எழுத்துச் சுவடிகளும் அவற்றுள் இடம்பெற்றிருந்தன.

அந்தப் பெருநூலில் பகடை உருளும் இடங்கள் பல. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே நினைவு கூர்வோம். ஒன்று, நாம் அனைவரும் அறிந்த சபா பருவத்துச் சூதாட்டம். அங்கே தருமன் ஒவ்வொரு முறையும் பணயம் வைக்கிறான். ஒவ்வொரு முறையும் முழுவதையும் இழக்கிறான். மற்றொன்று, வனத்தில் தருமனுக்கு உரைக்கப்படும் நளன் கதை. அயோத்தி மன்னன் இருதுபன்னன் வழியில் நின்ற தான்றி மரத்தைக் கண்டு, அதன் இரு கிளைகளில் 2,095 காய்கள் உள்ளன என்கிறான். நளன் எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. அந்த மன்னனிடமே நளன் பகடையின் மறையைக் கற்று, இழந்த நாட்டை மீட்கிறான். தான்றிக்காயே பண்டை நாளில் பகடையாகப் பயன்பட்டது என்பதை எண்ணும்போது, இக்கதையின் நுட்பம் விளங்கும். பகடையை அறிவதென்பது எண்ணிக்கையை அறிவதே என்று பழையவர்கள் கண்டிருந்தனர்.

இங்கே நாம் பேசப் புகுவது சூதாட்டம் பற்றியதன்று. பொருளைப் பணயம் வைக்காமல், கதையைப் பணயம் வைத்துக் குழந்தைகளும் பெரியவர்களும் ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றியது. மேலை நாட்டார் அதனை ரோல் பிளேயிங் கேம் என்பர். நாம் அதனைக் கதை விளையாட்டு என்று அழைப்போம். நால்வர் கூடி அமர்கின்றனர். ஒருவர் கதைசொல்லி. ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தராகின்றனர். கதைசொல்லி ஓர் இக்கட்டை விவரிப்பார். மற்றவர் தாம் என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்வர். அச்செயல் கைகூடுமா என்பது ஐயமாயிருப்பின், பகடை தீர்ப்புச் சொல்லும்.

இவ்வகை விளையாட்டுக்களில் முதன்முதலாக அச்சேறிப் புகழ்பெற்றது, 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆகும். இருபது முகமுள்ள பகடை இவ்விளையாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அப்பகடையில் ஒன்று விழுவதற்கும், பத்து விழுவதற்கும், இருபது விழுவதற்கும் வாய்ப்பு ஒன்றேதான். இருபதில் ஒரு பங்கு. பெருவெற்றியும் பெருந்தோல்வியும் நடுத்தர விளைவைப் போலவே அடிக்கடி வரும். இரண்டு பகடைகளை உருட்டிக் கூட்டினாலோ நிலை மாறுகிறது. ஆறு முகப் பகடை இரண்டில் ஏழு விழ ஆறு வழிகள் உண்டு. பன்னிரண்டு விழ ஒரே வழிதான். நடுவெண்கள் மிகும், ஓரத்து எண்கள் அருகும். ஆகவே, ஒரு பகடை விதியை அமைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த விளைவு எத்தனை முறைக்கு ஒருமுறை வர வேண்டும் என்பதே.

இக்கேள்விக்கு நம் பாட்டிமார் வைத்திருந்த விடை ஒன்று, பலர் வீட்டுப் பெட்டியில் இன்றும் கிடக்கிறது. அதுவே தாயக்கட்டை. நீண்ட இரு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம். ஒரு முகம் வெறுமை. மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் விழத்தக்க வகைகள் பதினாறு. அவற்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மூன்று விழ வழிகள் நான்கு. இரண்டு விழ மூன்று. நான்கு விழ மூன்று. தாயமாகிய ஒன்று விழ இரண்டு. ஐந்து விழ இரண்டு. ஆறு விழ ஒன்று. இரண்டும் வெறுமையாய் விழுந்தால் அது பன்னிரண்டு. அதற்கும் வழி ஒன்றே.

தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவை விழுந்தால் மறுமுறை உருட்டலாம் என்பது வீட்டு வழக்கு. இந்நான்கும் சேர்ந்து பதினாறில் ஆறு. எஞ்சிய இரண்டு, மூன்று, நான்கு ஆகியவை பதினாறில் பத்து. அரிதாக வருவனவற்றுக்கே பரிசு வைத்துள்ள ஒழுங்கைக் காண்கிறோம் அன்றோ? தாயம் விழாமல் காய் இறங்காது என்று குழந்தைகள் அலுத்துக்கொள்வதற்கும் காரணம் இக்கணக்கிலேயே உள்ளது. தாயத்தின் வாய்ப்பு எட்டில் ஒன்று. எனினும், எட்டு முறை உருட்டியும் ஒருமுறைகூடத் தாயம் விழாதிருக்க ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அது அதிர்ஷ்டக் குறைவன்று, எண்ணின் இயல்பு.

இனி, இக்கட்டைகளைக் கொண்டே கதை விளையாட்டுக்கு விதி அமைப்போம். சபா பருவத்துச் சூதில் வெற்றி, தோல்வி என இரண்டே முடிவுகள் இருந்தன. கதைக்கு அது போதாது. 2010-ல் வெளிவந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்னும் அமெரிக்க விளையாட்டு, இரு பகடைகளின் கூட்டுத்தொகையை மூன்று கூறாக வகுத்தது: முழு வெற்றி, இடர் கலந்த வெற்றி, தோல்வி. இந்த நடுக்கூறே கதையை வளர்ப்பது. நம் தாயக்கட்டையில் அதனை இவ்வாறு அமைக்கலாம்.

தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் எண்ணியது எண்ணியவாறே முடியும். மூன்றோ நான்கோ விழுந்தால் செயல் முடியும். ஆயினும் ஓர் இடர் உடன்வரும். இரண்டு விழுந்தால் செயல் கைகூடாது. பதினாறு உருட்டலுக்கு முறையே ஆறு, ஏழு, மூன்று என வாய்ப்புகள் அமைகின்றன. தமிழ்ச் செவிக்குத் தாயம் மங்கலச் சொல். எண் சிறியது என்பதற்காக அதனைத் தோல்வியாக்கினால் பாட்டிமார் ஒப்பமாட்டார். எனவே, பழைய வழக்கை மாற்றாமலே புதிய விதி பொருந்துகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். புனேக்கு அருகிலுள்ள சிங்ககட் கோட்டையை 1670-ல் தானாஜி மாலுசரே இரவில் பாறை ஏறிச் சென்று, தம் உயிரைக் கொடுத்து வென்றார். இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த வரலாறு இது. பாட்டி கதைசொல்லியாகிறார்; பேரன் வீரர்களுள் ஒருவன். "பாட்டி, நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன்" என்கிறான். கட்டையை உருட்டுகிறான், நான்கு விழுகிறது. "ஏறிவிட்டாயடா கண்ணா! ஆனால் உன் காலடியில் ஒரு கல் பெயர்ந்து உருண்டது. மேலே காவற்காரன் விளக்கைத் தூக்குகிறான். இப்போது என்ன செய்வாய்?" என்கிறார் பாட்டி. பேரன் விடை சொல்லியே ஆக வேண்டும். வீட்டுக்கு வெளியே மராட்டியும் இந்தியும் ஆங்கிலமும் பேசித் திரும்பும் பிள்ளை, பாறை, கயிறு, காவல், விளக்கு என்று தமிழில் வாக்கியம் அமைத்துப் பேசுகிறது. பதினாறில் ஏழு முறை இவ்வாறு பேசவைப்பது அந்த நடுக்கூறு.

திறமைக்கும் இடம் வேண்டும். ஒவ்வொருவரும் தம் மாந்தருக்கு ஒரு திறமையைக் குறித்துக்கொள்ளலாம். மரமேறுதல், மருந்தறிதல் போன்றவை. அத்திறமைக்குரிய செயலில் இரண்டு விழுந்தால் மறுமுறை ஒருதரம் உருட்டலாம். அப்போது தோல்விக்கான வாய்ப்பு 256-ல் 9 ஆகச் சுருங்கும். அதாவது நூற்றுக்கு நான்கிற்கும் குறைவு. மிகக் கடினமான செயலாயின் மூன்றையும் தோல்வியாகக் கொள்ளலாம். அப்போது பதினாறில் ஏழு தோல்வியாகும். இவ்விரண்டுக்கு மேல் விதி வேண்டா. விதி மிகுந்தால் பிள்ளைகள் கட்டையைப் பார்ப்பரேயன்றிக் கதையைப் பாரார்.

கட்டை நேர்மையானதா என்பதையும் சோதித்தல் நன்று. ஒரு கட்டையை எண்பது முறை உருட்டி எழுதிவைத்தால், ஒவ்வொரு முகமும் இருபதை ஒட்டி வரவேண்டும். ஒரு முகம் முப்பதைத் தாண்டினால் தேய்மானத்தை ஐயுறலாம்.

இறுதியாக ஒன்று. இரண்டு விழுந்தாலும் கதை நின்றுவிடலாகாது. ஆடுபவர் வெளியேற்றப்படவும் கூடாது. கயிறு அறுந்தால் வேறொரு வழி திறக்க வேண்டும். அவ்வழியைக் காட்டுவது கதைசொல்லியின் கடமை. தருமனின் ஆட்டம் ஒவ்வொரு தோல்வியிலும் ஒரு கதவை அடைத்தது. நம் வீட்டு ஆட்டமோ ஒவ்வொரு தோல்வியிலும் வேறொரு கதவைத் திறக்கட்டும். அண்டை வீட்டு மராட்டியக் குழந்தையையும் உடன் அழைக்கலாம். சாரிபாட் ஆடிய மரபினர் அவர்கள். கட்டை உருளும் ஓசை அவர்களுக்கும் பழகியதே. கதையைத் தமிழில் சொல்லி, இடையிடையே அவர்கள் மொழியிலும் விளக்கினால், இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கோட்டையில் ஏறுவர்.