மடிக்கணினியில் மாற்ற முடியாதவை

மேசைக் கணினி தனித்தனி உறுப்புகளை ஒரு பெட்டிக்குள் கோத்துச் செய்தது. எது பழுதானாலும், எது போதாமல் போனாலும் அதை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். மடிக்கணினிக்கு இந்த வசதி பாதிதான் உண்டு. செயலியும் வரைகலைச் சில்லும் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். மெல்லிய மாதிரிகள் பலவற்றில் ரேமும் அப்படியே. திரையை மாற்ற முடியும் என்றாலும், உடைந்தால் ஒழிய யாரும் அந்தச் செலவில் இறங்குவதில்லை. எஸ்எஸ்டியும் பேட்டரியும் சில மாதிரிகளில் ரேமும்தான் பின்னாளில் மாற்றத் தக்கவை. எனவே கையிலுள்ள பணத்தில் முதல் பங்கு மாற்ற முடியாத உறுப்புகளுக்குப் போக வேண்டும். கடைகளிலோ இது தலைகீழாக நடக்கிறது. 1 டெராபைட் என்ற பெரிய எண்ணில் மனம் மயங்கி, மங்கலான திரையும் பழைய செயலியும் கொண்ட கணினியை வாங்கி வருபவர்கள் ஏராளம்.

செயலியின் பெயரில் முதலில் கண்ணில் படுவது ஐ3, ஐ5, ஐ7 அல்லது ரைசன் 3, 5, 7 என்ற தொடக்கம். விற்பனையாளர் சொல்வதும் பெரும்பாலும் இந்த அளவோடு நின்றுவிடும். ஆனால் செயலியின் தரத்தைச் சொல்பவை அதற்குப் பின்னால் வரும் எண்ணும் கடைசி எழுத்தும்தான். இன்டெலின் 12ஆம் தலைமுறையில் கோர் ஐ7-1255யு என்று ஒன்றும், கோர் ஐ5-12500எச் என்று ஒன்றும் உண்டு. முதலாவதில் வேகமான கருக்கள் 2, சிக்கனமான கருக்கள் 8. அதன் அடிப்படை மின்நுகர்வு 15 வாட். இரண்டாவதில் வேகமான கருக்கள் 4, சிக்கனமானவை 8. மின்நுகர்வு 45 வாட். வீடியோ தொகுப்பது, பெரிய மென்பொருளைத் தொகுப்பி வழியே ஓட்டுவது போன்று நீண்ட நேரம் முழு வேகம் கேட்கும் வேலைகளில் இந்த ஐ5 அந்த ஐ7-ஐ முந்திவிடும். யு என்ற எழுத்து மின்சிக்கனத்தைக் குறிக்கிறது, எச் என்ற எழுத்து வேகத்தை. பையில் வைத்து நாள் முழுதும் எடுத்துச் செல்லும் கணினிக்கு யு பொருந்தும். மேசையில் மின்னிணைப்போடு உழைக்க வேண்டியதற்கு எச். அதோடு எச் வகைக்கு நல்ல விசிறியும் வெப்பக் குழாயும் தேவை. மெல்லிய உடலுக்குள் அதை அடைத்தால், சூடு ஏறியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

ஏஎம்டி 2023இல் கொண்டுவந்த எண் முறையில் இதைவிடப் பெரிய குழி இருக்கிறது. அந்த வரிசையில் முதல் இலக்கம் ஆண்டையும், மூன்றாம் இலக்கம் உள்ளே இருக்கும் வடிவமைப்பையும் குறிக்கும். ரைசன் 5 7520யு, 7530யு, 7540யு ஆகிய மூன்றும் பெயரளவில் உடன்பிறப்புகள். ஆனால் 7520யு என்பதில் உள்ளது 2019இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, கருக்கள் நான்கே. 7530யு-வில் ஜென் 3, ஆறு கருக்கள். 7540யு-வில் ஜென் 4. எண்ணில் பத்து கூடினால் ஒரு தலைமுறையே மாறுகிறது. "ரைசன் 5, 7000 வரிசை" என்று மட்டும் எழுதியிருக்கும் விளம்பரம் இதில் எதையும் சொல்லவில்லை. இன்டெலும் 2023 இறுதியில் ஐ என்ற எழுத்தைக் கைவிட்டு கோர் அல்ட்ரா என்ற பெயருக்கு மாறியது. 2024 தொடக்கத்தில் அல்ட்ரா என்ற அடைமொழி இல்லாமல் வந்த கோர் 5, கோர் 7 யு வரிசையில் இருந்தது முந்தைய தலைமுறை வடிவமைப்புதான். முழு மாதிரி எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் செயலியைத் தேர்ந்தெடுப்பது, மருந்தின் பெயரைப் படிக்காமல் அட்டையின் நிறத்தைப் பார்த்து வாங்குவது போன்றது.

அடுத்தது ரேம். விண்டோஸ் 11 இயங்க மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்த அளவு 4 ஜிபி. இயங்குவது வேறு, அதை வைத்து வேலை பார்ப்பது வேறு. தனி வரைகலைச் சில்லு இல்லாத கணினியில் திரைக்கான நினைவகமும் இதே ரேமிலிருந்துதான் எடுக்கப்படும். உலாவியில் பத்துப் பதினைந்து தாவல்கள், ஒரு காணொளி வகுப்பு, ஒரு எக்செல் கோப்பு என்று திறந்தால் 8 ஜிபி திணறும். நான்கைந்து ஆண்டு உழைக்க வேண்டிய கணினிக்கு 16 ஜிபி என்பதே சரியான அளவு. அதை இன்றே வாங்க வேண்டுமா, பிறகு சேர்க்கலாமா என்பது ஸ்லாட்டைப் பொறுத்தது. விவரக் குறிப்பில் எல்பிடிடிஆர் என்று இருந்தால் ரேம் அநேகமாகப் பற்றவைத்தது, வாங்கிய அளவுதான் கடைசி வரை. டிடிஆர்4 அல்லது டிடிஆர்5 என்று மட்டும் இருந்து, காலி ஸ்லாட்டும் இருந்தால் இப்போது 8 ஜிபியோடு வாங்கி, கை வசதிப்படும்போது இன்னொரு 8 ஜிபி சேர்க்கலாம். சென்னை ரிச்சி தெருவில் இது அன்றாட வேலை. டிடிஆர்4 துண்டு டிடிஆர்5 ஸ்லாட்டில் பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரே 16 ஜிபி துண்டைவிட இரண்டு 8 ஜிபி துண்டுகள் நல்லவை. இரு தடங்களிலும் தரவு ஒரே நேரத்தில் ஓடுவதால், செயலியோடு இணைந்த வரைகலைச் சில்லுக்கு அது பெரிய உதவி.

சேமிப்பகத்தைப் பற்றி இத்தனை கவலை வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் கணினி புதுப் பிறவி எடுத்ததுபோல் இருக்கும். சாட்டா வகை எஸ்எஸ்டி நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி படிக்கும். என்விஎம்இ வகையில் மூன்றாம் தலைமுறை 3,500 எம்பி வரையும், நான்காம் தலைமுறை 7,000 எம்பி வரையும் போகும். ஆனால் எழுதுவது, படிப்பது, கணக்குப் போடுவது போன்ற வேலைகளில் கடைசி இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை உணர்வது கடினம். 512 ஜிபி வாங்கினால் விண்டோஸ் 476 என்று காட்டுவது ஏமாற்று வேலை அன்று. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024இன் மடங்கில் எண்ணுகிறது. தவிர்க்க வேண்டியது ஒன்றே: மிக மலிவான கணினிகளில் பற்றவைத்து வரும் 64 ஜிபி இஎம்எம்சி. விண்டோஸ் 11-க்கான குறைந்தபட்ச இடமே 64 ஜிபி என்பதால், சில புதுப்பிப்புகளிலேயே அது நிரம்பிவிடும்.

கண் நாள்தோறும் மணிக்கணக்கில் பார்ப்பது திரையை. ஆயினும் வாங்குபவர் மிகக் குறைவாக விசாரிப்பதும் அதைத்தான். "ஃபுல் எச்டி" என்ற சொல் 1920க்கு 1080 புள்ளிகள் என்பதைத் தவிர வேறெதையும் சொல்லாது. ஒளிர்வு எத்தனை நிட், நிறப்பரப்பு எவ்வளவு, பலகை எந்த வகை என்ற மூன்றும் கேட்கப்பட வேண்டும். குறைந்த விலைக் கணினிகளில் 250 நிட், 45 விழுக்காடு என்டிஎஸ்சி என்பது வழக்கம். அதில் சிவப்புச் சேலை செங்கல் நிறத்தில் தெரியும், சன்னல் அருகே உட்கார்ந்தால் எழுத்து மங்கும். 300 நிட்டுக்கு மேலும், 100 விழுக்காடு எஸ்ஆர்ஜிபி-யும் உள்ள ஐபிஎஸ் திரை கிடைத்தால் அதற்குக் கூடுதலாகத் தரும் பணம் வீண்போகாது. டிஎன் வகைப் பலகையில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் திரிந்துவிடும். ஓஎல்இடி-யில் கருமை முழுக் கருமையாக இருக்கும், ஆனால் ஒரே படம் நெடுநேரம் நின்றால் தடம் பதியும் ஆபத்து உண்டு. 1920க்கு 1200 என்ற சற்று உயரமான திரையில் 120 வரிசைப் புள்ளிகள் கூடுதல். எழுதுபவருக்கும் நிரல் செய்பவருக்கும் அந்தச் சில வரிகள் பெரிய வசதி.

தனி வரைகலைச் சில்லு விளையாட்டு, வீடியோ, முப்பரிமாண வடிவமைப்பு, இயந்திரக் கற்றல் ஆகியவற்றுக்கு வேண்டும். மற்றவர்களுக்கு அது எடையும் சூடும் மட்டுமே. வேண்டுபவர் கவனிக்க வேண்டியது வாட் எண்ணை. மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4060 சில்லை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் அமைத்துக்கொள்ள என்விடியா இடம் தருகிறது. பெயர் ஒன்றுதான் என்றாலும், இரு முனைகளிலும் கிடைக்கும் வேகம் வெகுவாக வேறுபடும்.

பேட்டரியின் கொள்ளளவு வாட்-மணியில் குறிக்கப்படும். 42 வாட்-மணி பேட்டரி, சராசரியாக 7 வாட் இழுக்கும் கணினியை 6 மணி நேரம் ஓட்டும். "10 மணி நேரம்" என்ற விளம்பர எண்ணைவிட இந்த வகுத்தல் நம்பகமானது. யுஎஸ்பி-சி வழியே சார்ஜ் ஏறும் கணினி என்றால், பழுதான சார்ஜருக்கு மாற்று எங்கும் கிடைக்கும்.

பழைய கணினி வாங்குபவருக்கு இன்னொரு எல்லை உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைக்கு முந்தியவற்றை ஏற்பதில்லை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விண்டோஸில் வேலை செய்பவர் அவற்றை ஒதுக்குவது நல்லது.

பில் போடுமுன் காட்சிக்கு வைத்திருக்கும் அதே மாதிரிக் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். செயலியின் முழுப் பெயர், ரேமின் வேகம், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பவை அங்கே வரிசையாக இருக்கும். இரண்டு நிமிடம் போதும், எந்தக் கடைக்காரரும் மறுக்க மாட்டார்.