முத்துவின் ஈப்பிடிப்பான்

மார்கழியில் மலையடிவாரத்துத் தோப்புக்குள் நுழைந்தால், நிழலான கிளையிலிருந்து குருவியளவுப் பழுப்புப் பறவை ஒன்று சட்டென்று பாய்ந்து, காற்றில் பூச்சியைக் கவ்விக்கொண்டு திரும்பி உட்காரும். ஈப்பிடிப்பான் என்பதில் ஐயமில்லை. எந்த ஈப்பிடிப்பான்? குளிர்காலத்தில் நம் பக்கம் பழுப்பு ஈப்பிடிப்பானும் வரும், பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானும் வரும். இரண்டும் 13 செ.மீ. அளவு. இரண்டுக்கும் பெரிய கண், அதைச் சுற்றி வெள்ளை வளையம்.

முதுகின் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது; இலை அசைய அசைய அது மாறிக்கொண்டே இருக்கும். நான் முதலில் கால்களைத்தான் தேடுவேன். கறுத்திருந்தால் பழுப்பு ஈப்பிடிப்பான். வெளிறிய சதை நிறமோ மஞ்சளோ தெரிந்தால் பழுப்பு மார்பு. கால்களைக் கிளை மறைத்துவிட்டால் கீழலகு இருக்கிறது. முன்னதற்கு அடியில் மட்டும் மஞ்சள், நுனி கறுப்பு. பின்னதற்குக் கீழலகே மஞ்சள். வெளிச்சம் நன்றாக இருந்தால் இன்னொன்றும் பிடிபடும். பழுப்பு மார்பின் இறக்கை ஓரங்களிலும் வால் அடியிலும் செம்மை படர்ந்திருக்கும்; மற்றதன் பழுப்பு சாம்பல் பூத்தது.

உட்காரும் இடமும் துப்புத் தரும். பழுப்பு மார்பு அடர்ந்த புதருக்குள் தாழ்வாக, சத்தமில்லாமல் இருக்கும். பொழுது சாயும்போதுதான் சுறுசுறுப்பு. பழுப்பு ஈப்பிடிப்பான் கொஞ்சம் திறந்த கிளையில் உட்காரத் தயங்காது.

இந்த இரண்டையும் பிரித்தறியக் குளிர்காலத்தில் குரல் அதிகம் உதவாது. மெல்லிய கீச்சொலி, அவ்வளவே. காதுக்கு வேலை கொடுப்பது டிக்கெல் நீல ஈப்பிடிப்பான். புதருக்குள்ளிருந்து ‘டிக் டிக்’ என்று கேட்கும். பாட்டோ உலோகக் கம்பியை மீட்டியதுபோல இறங்கி ஏறும். ஆணுக்குத் தொண்டையும் மார்பும் ஆரஞ்சு. அதே சாயலில் தொண்டை மட்டும் நீலமாக இருந்தால், அது இமயமலைப் பக்கமிருந்து குளிருக்கு வந்த நீலத்தொண்டை ஈப்பிடிப்பான்.

பழுப்பு மார்பின் அறிவியல் பெயரில் ஒரு தமிழர் இருக்கிறார். இலங்கையில் பறவைகளைச் சேகரித்த எட்கர் லேயர்டிடம் முத்து என்பவர் பணியாளாக இருந்தார். பருத்தித்துறையில் ஒருநாள் காலை இந்தப் பறவையைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். 1854இல் அதை விவரித்து வெளியிட்ட லேயர்ட், அதற்கு முத்துவின் பெயரையே வைத்தார்.